உச்சி மூடாத குல்லா

மனு கிடைத்த மூன்று நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும். முப்பது நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று இடைக்காலப் பதிலாவது போக வேண்டும். மறுப்பதானால் காரணமும், யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். இந்த நான்கு வாக்கியங்களைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தே முப்பத்து நான்கு ஆண்டுகள் சம்பளம் வாங்கியவள் நான். நான்கில் ஒன்றையும் மதிக்காத ஒரு கடிதத்தை, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், மூடுபனியில் நின்ற ஒரு ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து படிக்க நேர்ந்தது. நான் போனதோ ஒரு குல்லா வாங்க.

டிசம்பரில் கனடாவுக்கு, மகன் வீட்டுக்குப் போவதாக இருந்தது. சென்னைக் கடைகளில் விற்கும் கம்பளிக் குல்லா எதுவும் என் தலைக்குச் சேரவில்லை. எனக்குக் கொண்டை உண்டு. குல்லா செய்யும் இயந்திரத்துக்கு அது தெரியாது. ஒன்று கொண்டை வெளியே நின்றது, அல்லது காது வெளியே நின்றது. என்னோடு வேலை பார்த்த போடிக்காரர் ஒருவர் ஓர் எண் கொடுத்தார். கம்பத்தில் மொக்கராசு என்று ஒருவர், ஏலத் தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்குக் கையால் குல்லா பின்னுகிறார், கொண்டை அவருக்குப் பழக்கம் என்றார்.

தொலைபேசியில் என் தலையின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் சொன்னேன். பார்சல் செலவு என்னுடையது என்றும் சொன்னேன்.

"அளவு கெடக்கட்டும் மேடம். தலையக் கூட்டிட்டு வாங்க."

தனியாகவா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

முதல் நாள் காலை தேனியில் இறங்கினேன். எதிரே மலை, மலைமேல் ஏலக்காய், போடியில் ஏலக்காய்ச் சந்தை. கடையில் ஒரு டீ வாங்கினால் அதில் ஏலக்காய் வாசனைகூட இல்லை. மாஸ்டரிடம் கேட்டேன். "அது விக்கிறதுக்கு மேடம்," என்றார், நான் ஏதோ நகையைக் கரைத்து ஊற்றச் சொன்னதுபோல. சென்னையில் எங்கள் தெருமுனைக் கடையில் தட்டிப் போடுகிறார்கள். இங்கிருந்து போனதாகத்தான் இருக்கும்.

கம்பம் பஸ் சின்னமனூருக்கு முன்பே நின்றுவிட்டது. பஸ் பழுதானால் அதே டிக்கெட்டில் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவது நடத்துநரின் பொறுப்பு. அடுத்த பஸ் வந்தது. அதன் படியிலேயே ஏழு பேர் தொங்கினார்கள். எங்கள் நடத்துநர் என்னைப் பார்த்து, "பொறுப்பு இருக்கு மேடம், எடம்தான் இல்ல," என்றார். மூன்றாவது பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் நின்றவர் என் கண்ணாடியையும் கைப்பையையும் பார்த்துவிட்டு, "டீச்சர், இதக் கொஞ்சம் புடிங்க," என்று ஒரு பெட்டிப் பன்னீர் திராட்சையை மடியில் வைத்தார். உத்தமபாளையம் தாண்டும் வரை அதைச் சுமந்தேன். இறங்கும்போது ஒரு கொத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனார். நல்ல திராட்சை. புடவையில் கறை இன்னும் போகவில்லை.

கம்பத்தில் ஜீப்புகள் நிற்கும் இடத்தில் மொக்கராசுவைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த ஒரே ஓட்டுநர் அவர்தான். ஐம்பத்தைந்து வயது இருக்கும். காக்கிச் சட்டை. மூக்குக் கண்ணாடிக்குக் கம்பளி நூலில் கயிறு. ஊசிகள் சைக்கிள் சக்கரக் கம்பியைத் தீட்டிச் செய்தவை. விடியலில் பெண்களை மலைக்கு ஏற்றிப் போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வரும் வேலை. நடுவில் ஒன்பது மணி நேரம் தோட்டத்து வாசலில் காத்திருக்க வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் சீட்டு விளையாடினார்கள். இவர் ஒரு பட்டாளத்துக் காவலாளியிடம் பின்னக் கற்றுக்கொண்டார். இருபது ஆண்டு ஆகிறது.

அளவெடுக்க நாடா கிடையாது. ஒரு சணல் கயிறு. நெற்றியில் வைத்து ஒரு முடிச்சு, காதுக்கு ஒன்று, கொண்டையின் அடிக்கு ஒன்று, அதன் நுனிக்கு ஒன்று. அவருடைய மனைவி பஞ்சவர்ணம் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அதே ஜீப்பில் மலைக்குப் போய் ஏலக்காய் எடுப்பவர்.

"பெரிய தலையா இருக்கு," என்றார் மொக்கராசு.

"படிச்ச தலைல்ல," என்றார் பஞ்சவர்ணம். "நூலு சேத்து எடுங்க."

இரவுக்குள் குல்லா தயாராகிவிடும், காலையில் வாங்கிக்கொண்டு மதியப் பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். காலையில் குல்லா தயாராகத்தான் இருந்தது. ஆனால் உச்சி திறந்திருந்தது. கடைசிச் சுற்றின் கண்ணிகளையெல்லாம் ஒரு நூலில் கோத்து, சுருக்குப்பை வாய் மாதிரி விட்டிருந்தார்.

"இது முடியவில்லையே," என்றேன்.

"எப்படி முடியும் மேடம்? நீங்க இன்னும் மலைக்கே போகலையே."

விளக்கம் இதுதான். மலையில் பனி பட்டதும் கம்பளி ஈரம் குடித்துத் தொய்யும். கீழே வந்து வெயில் பட்டதும் இறுகும். எவ்வளவு தொய்யும், எங்கே இறுகும் என்பது தலைக்குத் தலை, கொண்டைக்குக் கொண்டை மாறும். ஆகவே குல்லாவைத் தலையில் போட்டு, ஒருமுறை மலை ஏறி இறங்கிய பிறகே உச்சியை மூடுவார். எனக்குப் போகிற இடம் கனடா, ஏலத் தோட்டம் இல்லை என்றேன். "அங்கனயும் குளிருதானே," என்று கதவைத் திறந்துவிட்டார். கதவு என்பது ஒரு மரியாதைக்கு. அது கயிற்றால் கட்டியிருந்தது.

அந்த ஜீப்பில் சட்டப்படி எத்தனை பேர் ஏறலாம் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதினால் ஏறியவளும் குற்றவாளி. முன்சீட்டில் மட்டும் நான்கு பேர். கியர் போடும்போதெல்லாம் என் முழங்காலிடம் மொக்கராசு மன்னிப்புக் கேட்டார். பின்னாலிருந்து யாரோ, "ஏ ஆத்தா, டீச்சரம்மாவும் ஏலக்கா எடுக்க வாராகளா," என்றார். "பென்சன் பத்தலையாம்," என்றது இன்னொரு குரல். நான் திரும்பவில்லை. திரும்ப இடமும் இல்லை. சோதனைச் சாவடியில் ஒரு காவலர் உள்ளே எட்டிப் பார்த்து மலையாளத்தில், இந்தச் சேச்சி யார், உச்சந்தலையில் ஓட்டையோடு எங்கே போகிறார் என்று கேட்டார். "டிரையல்," என்றார் மொக்கராசு. அது போதுமானதாக இருந்தது. பின்னால் சிரிப்பு அடங்க இரண்டு வளைவு ஆயிற்று.

தோட்டத்தில் பெண்கள் செடிகளுக்குள் போய்விட்டார்கள். நானும் மொக்கராசுவும் ஜீப்பில். மழையா பனியா என்று தெரியாத ஒன்று பெய்துகொண்டே இருந்தது. உச்சி வழியே குளிர் இறங்கியது. மதியம் மரவள்ளிக்கிழங்கும், சம்மந்தி என்று அவர்கள் சொல்லும் காந்தாரி மிளகாய்த் துவையலும் கிடைத்தன. அன்று நடந்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லாத ஒரே விஷயம் அது.

சாப்பிட்டு முடித்ததும் அவர் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். "ஆபீஸ்ல இருந்தவுகன்னு போடிக்காரர் சொன்னாக. இத ஒருதடவ பாருங்க."

அதுதான் அந்தக் கடிதம். கைவினைஞர் அடையாள அட்டைக்கு அவர் போட்ட மனுவுக்கு மறுப்பு. கோப்பு எண் இல்லை. மேல்முறையீட்டு அலுவலர் யார் என்று இல்லை. மனு போய் ஐந்து மாதம் கழித்து வந்திருந்தது. காரணம் மட்டும் ஒரே வரியில் இருந்தது. 'தாங்கள் அனுப்பிய மாதிரிப் பொருள் உச்சிப் பகுதியில் மூடப்படாமல், முழுமை பெறாத நிலையில் உள்ளதால் ஏற்பதற்கில்லை.'

"மூடாமலா அனுப்பினீர்கள்?"

"யாரு தலைக்குன்னு அவுக சொல்லலையே மேடம். துண்டுச் சீட்டுல எழுதித்தான் வச்சேன். போடப்போறவுக ஒருக்கா மலைக்கு வந்துட்டுப் போனா மூடித் தாரேன்னு."

அரசு அலுவலகத்துக்கு மாதிரிப் பொருளோடு இப்படி ஒரு சீட்டு அனுப்பிய முதல் மனிதர் இவராகத்தான் இருக்கும். எனக்குத் தலைவலி வந்தது. குளிரால் என்று வைத்துக்கொள்ளலாம்.

அட்டை எதற்கு என்று கேட்டேன். அவருக்கு முதுகெலும்பில் வட்டு நகர்ந்திருக்கிறது. இனி கிளட்சை மிதிக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஜீப் இன்னொருவருடையது, புரட்டாசியோடு கொடுத்துவிட வேண்டும். ஜீப்புகள் நிற்கும் இடத்தை ஒட்டி நகராட்சி புதிதாகச் சிறு கடைகள் கட்டியிருக்கிறது. அதில் ஒன்று கைவினைஞர் அட்டை உள்ளவருக்கு. விண்ணப்பிக்கக் கடைசி நாள் செப்டம்பர் முப்பது. வீட்டிலிருந்தே பின்னலாமே என்றேன்.

"நூலு வீட்டுல இருக்கும். தலை வீட்டுக்கு வராது மேடம். காலைல ஏறுறப்ப அங்கனதான் மாட்டிவிடணும், சாயங்காலம் எறங்குறப்ப அங்கனதான் மூடணும். எறங்குன ஓட்டத்துல அவளுக வீட்டுக்குப் போயி ஒலை வைக்கணும். என்னயத் தேடியா வருவாளுக?"

மூன்றாம் நாள் அவருக்கு நல்ல புத்தி சொல்லிப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம், இறங்கிய இடத்திலேயே, என் குல்லாவைத் தலையில் வைத்தபடி கால் மணி நேரத்தில் உச்சியை மூடியிருந்தார். இடப்பக்கம் இரண்டு கண்ணி கூட, வலப்பக்கம் ஒன்று குறைய. கழற்றி மாட்டினால் கைவைத்த இடத்தில் நின்றது. அப்படியே ஒன்றை யார் தலையிலாவது வைத்து மூடி அனுப்பிவிடுங்கள், அட்டை வந்துவிடும் என்றேன்.

"யார் தலையிலயோ மூடுனா அது கடைக் குல்லா."

"யாருக்குத் தெரியப் போகிறது?"

பஞ்சவர்ணம் தன் இடது மணிக்கட்டை நீட்டினார். எலும்பு கொஞ்சம் புடைத்துச் சேர்ந்திருந்தது. "ரெண்டு கையும் செடிக்குள்ள இருக்கும் மேடம். கடைக் குல்லா நனைஞ்சு கண்ணுமேல எறங்கிருச்சு. தள்ளிவிடக் கை இல்ல. ஓடையத் தாண்டுனேன்னு நெனச்சேன், தாண்டல. அதுலருந்துதான் இவுக உச்சிய மூடாம வைக்கிறாக." பிறகு கணவரைப் பார்த்து, "ஆனா ஆபீசருக்குக் கையி ரெண்டும் மேசைமேலதான இருக்கு. அவுகளுக்கு மூடிக் குடுத்தா என்ன கெட்டுச்சு," என்றார்.

"நீ பேசாம இரு."

"பேசாம இருந்துதான் கடை போகப் போகுது."

நான்காம் நாள் தேனிக்குப் போனேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அதுபோன்ற ஒன்றில்தான் நானும் இருந்தேன். பிரிவு உதவியாளர் நாற்பது வயதுக்காரர், மரியாதையானவர், அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. மொக்கராசுவின் மாதிரிக் குல்லா எங்கே என்று கேட்டேன். தேடினார். அவர் மேசையிலேயே இருந்தது. இரண்டு பக்கமும் திறந்திருந்ததால் டீ பிளாஸ்க்குக்கு உறையாக மாட்டியிருந்தார்கள்.

"சூடு நல்லா நிக்குது மேடம்," என்றார். பிறகு அதைக் கழற்றி, தூசி தட்டி, கோப்பின்மேல் வைத்தார். "கூடைன்னா அடி இருக்கணும். குல்லான்னா உச்சி இருக்கணும். நீங்களே சர்வீஸ்ல இருந்தா என்ன எழுதியிருப்பீக?"

"இதையேதான் எழுதியிருப்பேன். கோப்பு எண் போட்டிருப்பேன்."

அவர் ஒப்புக்கொண்டார். மாதிரியை எடுத்துவர முடியாத தொழில்களுக்கு, அலுவலர் நேரில் போய் வேலை நடக்கும் இடத்தில் பார்க்கலாம் என்று அவர்களுடைய நெறிமுறையின் பின்னிணைப்பில் இருக்கிறது. பின்னிணைப்பை யாரும் படிப்பதில்லை. நான் படித்துக்கொண்டு போயிருந்தேன். அதைக் காட்டியதும் அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"எந்த இடத்துல பின்னுறாரு?"

உண்மையைச் சொன்னேன். தோட்டத்து வாசலில், ஜீப்பில்.

"அது கேரளால்ல?" அவர் முகம் தெளிந்தது. எந்த அலுவலகத்திலும் ஒரு கோப்பு இன்னொருவருடையது என்று தெரிகிற நிமிடத்தில் முகம் இப்படித்தான் தெளியும். "கேரளாவுல செய்யிற பொருளுக்கு நாங்க எப்படி அட்டை குடுக்க? எங்க லிமிட்லயே வரலையே மேடம்."

வெளியே வந்து பரோட்டா தின்றேன். கோபம் வந்தால் நான் சாப்பிடுவேன். சால்னா நன்றாக இருந்தது, அதனால் இரண்டாவதும். மூன்றாவதைப் பிய்க்கும்போதுதான் தோன்றியது. ஒரு பொருள் எங்கே நிறைவு பெறுகிறதோ அதுவே அது செய்யப்பட்ட இடம் என்பதும் அதே பின்னிணைப்பில் இருக்கிறது. மொக்கராசு மலையில் உச்சியை மூடுவதில்லை. மூடவும் மாட்டார். ஒவ்வொரு குல்லாவும் திறந்த உச்சியோடு எல்லை தாண்டிக் கீழே வந்து, கம்பத்தில்தான் முடிகிறது. ஆகவே அது தமிழ்நாட்டுப் பொருள். அதற்குச் சாட்சி, அவர்கள் எதைக் குறை என்று எழுதினார்களோ அந்தத் திறந்த உச்சிதான். தோட்டத்திலேயே மூடி அனுப்பியிருந்தால் அது கேரளத்துக் குல்லா. நான் சொன்ன புத்தியைக் கேட்டு அப்படி ஒன்றை மூடி அனுப்பியிருந்தால் இந்தக் கேள்விக்குப் பதிலே இருந்திருக்காது. இதை மொக்கராசுவிடம் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள், ஆகஸ்ட் இருபத்தெட்டு, மனுவை நேரில் கொடுத்தேன். இரண்டு பக்கம், ஏழு பத்தி. ஒப்புகைச் சீட்டு மூன்று நாளில் தபாலில் வரும் என்றார்கள். இங்கேயே வாங்கிக்கொள்கிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். கடைசியில் உதவியாளரே முத்திரையோடு வந்தார். "ஒங்கள மாதிரி தெனம் ஒருத்தர் வந்தா ஆபீஸ் உருப்பட்டுரும் மேடம்," என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன், அது இல்லை என்று தெரிந்தும். அன்று மாலையே கம்பம் நகராட்சியில் கடைக்கான விண்ணப்பத்தையும் கொடுக்கச் செய்தேன். அட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒப்புகையின் நகலை வைத்து, 'அட்டை பின்னர் இணைக்கப்படும்' என்று எழுதவைத்தேன். வாங்கிக்கொண்டார்கள். அட்டை எப்போது வந்தாலும் சரி, அதில் செப்டம்பர் முப்பதுக்குப் பிந்திய தேதி இருக்கக் கூடாது என்றார்கள்.

சென்னைக்குத் திரும்பினேன். செப்டம்பர் இருபத்தேழோடு முப்பது நாள் முடிந்தது. பதில் இல்லை. முப்பதாம் தேதியும் போனது. புரட்டாசி முடிந்து மொக்கராசு ஜீப்பின் சாவியைக் கொடுத்துவிட்டார். முதல் நினைவூட்டு அனுப்பினேன். இரண்டாவது அனுப்பினேன். அவர் ஜீப்புகளுக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு வாரத்தில், டயர் உருட்ட இடம் இல்லை என்று எழுப்பிவிட்டார்கள். மாட்டிவிட்ட பதினோரு குல்லாக்கள் உச்சி மூடாமல் ஊருக்குள் திரிகின்றன என்று பஞ்சவர்ணம் போனில் சொன்னார். "கேக்குறவுகளுக்குப் பதில் சொல்லி முடியல மேடம். குல்லாய்க்குள்ள மழை பெய்யுதுங்குறாளுக."

அக்டோபர் கடைசியில் ஒருநாள் விடியலில் அந்த உதவியாளர் வந்தாராம். வேறொருவர் ஓட்டிய ஜீப்பில், முன்சீட்டில் நாலாவது ஆளாக மலை ஏறியிருக்கிறார். மொக்கராசுவும் கூடப் போய் அவருக்கு முடிச்சுப் போட்டு, பின்னி, மாட்டிவிட்டு, இறங்கிய இடத்தில் மூடியிருக்கிறார். "ஒண்ணும் சொல்லல மேடம். குல்லாயக் கழட்டாமலே பஸ் ஏறிட்டாக," என்றார் மொக்கராசு. கள ஆய்வு முடிந்தது, சரி. ஆனால் இனி எந்தத் தேதியில் அட்டை வந்தாலும் கடை கிடைக்காது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இன்னொரு நினைவூட்டு எழுதினேன்.

நவம்பரில் ஒரு மத்தியானம் மொக்கராசு வீடியோவில் அழைத்துக் கடிதத்தைக் காட்டினார். மனு ஏற்கப்பட்டது. அட்டை இணைப்பில். கோப்பு எண் இருந்தது. ஆய்வு நடந்த தேதிக்கு மட்டும் இடம் காலியாக விட்டிருந்தது. மேலே பார்த்தேன். கடிதத்தின் தேதி செப்டம்பர் இருபத்தாறு. அட்டையிலும் அதே.

முப்பது நாள் கெடுவுக்கு ஒருநாள் முன்பு. தாமதம் ஆகவே இல்லை என்று கோப்பில் காட்ட இப்படி முன்தேதி போடுவது எல்லா அலுவலகமும் அறிந்த வித்தை. நானும் ஓரிரு முறை போட்டிருக்கிறேன் என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. உறையில் அஞ்சல் முத்திரை இருக்கும், அதைப் பத்திரமாக வையுங்கள், நான் மேலே எழுதுகிறேன் என்றேன். அன்று மாலைக்குள் வரைவு தயார். மூன்று பக்கம்.

மறுநாள் பஞ்சவர்ணம் அழைத்தார். அட்டையை நகராட்சியில் கொண்டுபோய்க் காட்டினார்களாம். முப்பதாம் தேதிக்கு முந்திய அட்டை, விண்ணப்பமும் முந்தியே வந்திருக்கிறது, எல்லாம் சரி, கடை எண் நான்கு என்று சொல்லிவிட்டார்களாம். ஜீப்பிலிருந்து இறங்கினால் பத்தடி.

"அந்த உறை எங்கே?" என்றேன்.

"அடுப்புல போட்டுட்டேன் மேடம்."

மேசைமேல் இருந்த மூன்று பக்கத்தையும் கையில் எடுத்தேன்.

"நீங்க தேதியப் பாத்துட்டு எதுவும் எழுதிப் போட்டுருவீகன்னு இவுககிட்டச் சொன்னேன். இவுக பத்திரமா வைக்கணும்னாக. நா சொல்லாமலே எடுத்து அடுப்புக்குள்ள வச்சுட்டேன். கோவிச்சுக்கிறாதீக. நாலு நாள்ல பதினோரு உச்சியும் மூடிருவாக."

வரைவைக் கிழித்தேன். பிடிக்காமல்தான் கிழித்தேன். சான்று என்று இனி எதுவும் இல்லை. இதில் வரும் பெயர்களையும் கடையின் எண்ணையும் மாற்றியிருக்கிறேன். ஒன்றை மட்டும் மாற்றக் கை வரவில்லை. அந்தக் கடிதம் கம்பத்துக்கு வந்து சேர்ந்த தேதி நவம்பர் பதினான்கு, வெள்ளிக்கிழமை.